சூரிய மின் பூங்காக்கள்: பக்கத்து ஊர்களுக்குப் பங்கு எங்கே?

புது தில்லி: தலைநகர் தில்லியில் பகல் நேரத்தில் ஓடும் மெட்ரோ ரயில்களுக்குத் தேவையான மின்சாரத்தில் ஒரு பகுதி, பல நூறு கிலோமீட்டர் தொலைவில் உள்ள மத்தியப் பிரதேச மாநிலம் ரீவா மாவட்டத்திலிருந்து வருகிறது. அங்குள்ள 750 மெகாவாட் சூரிய மின் நிலையத்தின் உற்பத்தியில் 24 சதவீதம் தில்லி மெட்ரோவுக்கும், எஞ்சியது அந்த மாநில மின் விநியோக நிறுவனங்களுக்கும் என்பது ஒப்பந்தம். 2017-ஆம் ஆண்டு நடந்த ஏலத்தில், முதலாண்டு விலையாக யூனிட்டுக்கு 2 ரூபாய் 97 காசு என முடிவானபோது, சூரிய மின்சாரத்தின் வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை என்று பேசப்பட்டது.

வாங்குபவருக்கு மலிவான மின்சாரம். உற்பத்தி செய்பவருக்குப் பல்லாண்டுகளுக்கு உறுதியான வருமானம். நாட்டுக்குப் புகையில்லாத எரிசக்தி. இப்படி எல்லாத் தரப்புக்கும் லாபம் தரும் இந்த ஏற்பாட்டில் கணக்கில் வராத ஒரு தரப்பு உண்டு. மின் நிலையத்தின் கம்பி வேலிக்கு வெளியே, அதே வெயிலில் வாழும் பக்கத்து ஊர் மக்கள்தான் அவர்கள். அவர்களுக்கு என்ன கிடைக்க வேண்டும் என்று நாட்டில் எந்தச் சட்டமும் இதுவரை திட்டவட்டமாகக் கூறவில்லை.

இந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது. நாட்டின் சூரிய மின் உற்பத்தித் திறன் 2025 ஜனவரியில் ஒரு லட்சம் மெகாவாட்டைக் கடந்தது. 2030-ஆம் ஆண்டுக்குள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு சாராத மின் உற்பத்தித் திறனை 5 லட்சம் மெகாவாட்டாக உயர்த்துவது மத்திய அரசின் இலக்கு. தரையில் நிறுவப்படும் ஒரு மெகாவாட் சூரிய மின் நிலையத்துக்குச் சராசரியாக ஐந்து ஏக்கர் நிலம் தேவை. இனி வரவிருக்கும் நிலையங்கள் எத்தனை ஊர்களின் எல்லைக்குள் நுழையும் என்பதை இதிலிருந்தே ஊகிக்கலாம்.

பாவகடா தரும் பாடம்: பக்கத்து ஊர்களின் நிலையைப் புரிந்துகொள்ளக் கர்நாடகத்தின் பாவகடா நல்ல எடுத்துக்காட்டு. துமகூரு மாவட்டத்தைச் சேர்ந்த இந்த வட்டம், ஏறத்தாழ எல்லாப் பக்கங்களிலும் ஆந்திரப் பிரதேசத்தால் சூழப்பட்டது. மழை மறைவுப் பகுதி. நிலக்கடலையும் கேழ்வரகும் பயிரிட்டு, பல ஆண்டுகள் வறட்சியில் அடிபட்டு, பிழைப்புக்காக மக்கள் பெங்களூருக்குப் பெயர்ந்துகொண்டிருந்த ஊர்கள் இங்கு ஏராளம். திருமணி, வள்ளூர் உள்ளிட்ட 5 கிராமங்களில் சுமார் 13 ஆயிரம் ஏக்கர் பரப்பில், 2,050 மெகாவாட் திறனுள்ள சூரிய மின் பூங்கா இங்கு அமைக்கப்பட்டது. 2018-இல் தொடங்கிவைக்கப்பட்டு, 2019 இறுதியில் முழு அளவில் இயங்கத் தொடங்கியது.

இந்தத் திட்டத்தின் சிறப்பு, விவசாயிகளின் நிலம் கையகப்படுத்தப்படவில்லை என்பதுதான். மத்திய, மாநில அரசு நிறுவனங்களின் கூட்டு முயற்சியாக 2015-இல் உருவான கர்நாடக சூரிய மின்சக்தி மேம்பாட்டுக் கழகம், நிலத்தை விவசாயிகளிடமிருந்து நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. ஏக்கருக்கு ஆண்டுக்கு 21 ஆயிரம் ரூபாய்; இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. உரிமை விவசாயியிடமே இருக்கும். விளைச்சலே நிச்சயமில்லாத மானாவாரி நிலத்துக்கு இது நல்ல வருமானம் என்பதில் ஐயமில்லை. நிலத்தைப் பறிகொடுத்து நீதிமன்றப் படியேறும் பிற திட்டங்களோடு ஒப்பிட்டால், பாவகடா மேலான முன்மாதிரி என்று கூறப்படுவதில் நியாயம் இருக்கிறது.

ஆனால், அந்த முன்மாதிரி நிலப் பட்டா வைத்திருப்பவரோடு நின்றுவிடுகிறது. ஐந்து ஏக்கர் வைத்திருப்பவருக்கு முதலாண்டிலேயே ஒரு லட்சத்து ஐந்தாயிரம் ரூபாய் கிடைத்தது. அதே ஐந்து ஏக்கரில் களை பறித்து, கடலை பிடுங்கிக் கூலி பெற்று வந்தவருக்கு ஒன்றும் இல்லை. நிலம் வேலிக்குள் போனதோடு அவருடைய வேலையும் போயிற்று. அறுவடை முடிந்த வயல்களில் ஆடு மாடு மேய்த்தவர்களுக்கு மேய்ச்சல் தரை சுருங்கியது. பூங்காவில் கிடைத்த வேலைகளோ காவல், புல் வெட்டுதல், மின்தகடுகளைக் கழுவுதல் ஆகியவைதான். கட்டுமானம் முடிந்த பிறகு ஒரு சூரிய மின் நிலையத்துக்குத் தேவைப்படும் ஆட்கள் மிகச் சிலரே. வறண்ட மாநிலங்களில் தகடுகளைத் துடைக்கவும் இப்போது தண்ணீர் இல்லாமல் இயங்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. இந்த மாற்றத்தால் முதலில் வேலை இழப்பவர்கள் கூலி வேலைக்குச் சென்றுவந்த பெண்களே.

கணக்கு என்ன சொல்கிறது?: நிலம் தந்தவர்களின் பங்கும்கூட அவ்வளவு பெரிதல்ல என்பதைச் சிறிய கணக்கு ஒன்றே காட்டிவிடும். 2,050 மெகாவாட்டுக்கு 13 ஆயிரம் ஏக்கர் என்றால், ஒரு மெகாவாட்டுக்கு ஆறு ஏக்கருக்குச் சற்று மேல். அதற்கான குத்தகை, தொடக்க விகிதப்படி, ஏறத்தாழ ஒரு லட்சத்து 33 ஆயிரம் ரூபாய். நல்ல வெயில் உள்ள இடத்தில் ஒரு மெகாவாட் நிலையம் ஆண்டுக்குச் சுமார் 18 லட்சம் யூனிட் மின்சாரம் தரும். யூனிட் 3 ரூபாய் என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் 54 லட்சம் ரூபாய். ஆக, மின்சாரம் விற்றுக் கிடைக்கும் ஒவ்வொரு 100 ரூபாயிலும் நிலத்துக்குப் போவது இரண்டரை ரூபாய். நிலமில்லாதவருக்கு அதுவும் இல்லை.

இரண்டாண்டுக்கு 5 சதவீதம் என்ற உயர்வும் விலைவாசியோடு ஈடுகொடுக்கக் கூடியதல்ல. 2017-க்குப் பிந்தைய ஆண்டுகளில் பெரும்பாலானவற்றில் விலைவாசி உயர்வு இதைவிட வேகமாகவே இருந்திருக்கிறது. எனவே, குத்தகைத் தொகையின் உண்மையான மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்துகொண்டே வருகிறது.

குத்தகையும் இல்லாத இடங்கள்: பாவகடாவில் நிலம் தனியாருடையது, ஆகவே குத்தகையாவது கிடைத்தது. அரசு நிலத்தில் பூங்கா அமையும்போது அதுவும் இல்லை. ரீவாவில் பெரும்பகுதி அரசு நிலம்தான். ராஜஸ்தானின் பலோடி மாவட்டத்தில், தார் பாலைவனத்தின் நடுவே 2,245 மெகாவாட் திறனுடன் எழுந்துள்ள பட்லா பூங்காவும் பெரும்பாலும் அரசு நிலத்தில் அமைந்ததே. இத்தகைய நிலம் வருவாய்த் துறைப் பதிவேட்டில் 'தரிசு' என்று இருக்கும். ஆனால், மேற்கு ராஜஸ்தானின் மேய்ச்சல் சமூகங்களுக்கு அது தரிசு அல்ல. ஆடுகளும் ஒட்டகங்களும் காலங்காலமாக மேய்ந்து வரும் தரை. பயன்படுத்தியவரிடம் பத்திரம் இல்லாததால், அவர் இழந்ததற்கு ஈடும் இல்லை.

தெய்வத்தின் பெயரால் கிராம மக்கள் காத்துவரும் 'ஓரண்' எனப்படும் கோயில் காடுகளின் நிலையும் இதுவே. பல இடங்களில் இவை அரசுப் பதிவேட்டில் சாதாரண அரசு நிலமாகவே உள்ளன. இவற்றைத் தரையளவிலும் செயற்கைக்கோள் வழியாகவும் அளந்து, காடுகளாக அறிவிக்க வேண்டும் என்று ராஜஸ்தான் அரசுக்கு 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது குறிப்பிடத்தக்கது. பிக்கானேர் பகுதியில் சூரிய மின் நிலையங்களுக்காகக் 'கேஜ்ரி' மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்து பிஷ்ணோய் சமூகத்தினர் போராடி வருகின்றனர். நம் ஊர்களில் வன்னி மரம் என்று வழங்கப்படும் அதே மரம்தான் இது. பசுமை மின்சாரத்துக்கு எதிராக மரங்களைக் காப்பவர்கள் நிற்க நேர்ந்திருப்பது, திட்டமிடலில் ஏதோ தவறு இருப்பதைக் காட்டுகிறது.

நீருக்கு உண்டு, கரிக்கும் உண்டு: வளம் எடுக்கப்படும் இடத்துக்கு அந்த வளத்தில் பங்கு தர வேண்டும் என்பது இந்தியாவுக்குப் புதிய கருத்து அல்ல. நீர்மின் திட்டங்களில் உற்பத்தியில் 12 சதவீதம் அந்தந்த மாநிலத்துக்கு இலவசமாகத் தரப்படுகிறது. 2008-ஆம் ஆண்டின் நீர்மின் கொள்கை இதற்கும் மேலே சென்றது. கூடுதலாக ஒரு சதவீத மின்சாரத்தின் மதிப்பை உள்ளூர்ப் பகுதி மேம்பாட்டு நிதிக்கு ஒதுக்க வேண்டும். மாநில அரசும் தன் 12 சதவீதத்திலிருந்து அதற்கு இணையாக ஒரு சதவீதம் தர வேண்டும். திட்டத்தால் பாதிக்கப்பட்ட ஒவ்வொரு குடும்பத்துக்கும் 10 ஆண்டுகளுக்கு மாதம் 100 யூனிட் வழங்க வேண்டும் என்று அது வகுத்தது.

சுரங்கத் துறையில், 2015-ஆம் ஆண்டு சட்டத் திருத்தத்தின் மூலம் மாவட்டக் கனிம அறக்கட்டளைகள் ஏற்படுத்தப்பட்டன. ஏலத்தில் எடுக்கப்பட்ட சுரங்கங்கள் அரசுக்குச் செலுத்தும் உரிமைத் தொகையில் 10 சதவீதத்துக்கு இணையான தொகையையும், பழைய சுரங்கங்கள் 30 சதவீதம் வரையிலும், சுரங்கப் பகுதி மக்களுக்காக இந்த அறக்கட்டளைக்குத் தர வேண்டும். நிலக்கரியைத் தோண்டினால் அண்டை ஊருக்கு நிதி உண்டு. ஆற்றைத் தடுத்தால் உண்டு. வெயிலை அறுவடை செய்தால் இல்லை என்பதே இன்றைய நிலை.

வெயில் யாருக்கும் சொந்தமில்லையே, அதற்கு எதற்குப் பங்கு என்று கேட்கலாம். வெயில் யாருக்கும் சொந்தமில்லைதான். ஆனால், அது விழும் தரையோடு பலருடைய பிழைப்பு பின்னிக் கிடக்கிறது. பங்கு கேட்கப்படுவது சூரியனுக்காக அல்ல. கால் நூற்றாண்டுக்கு அடைக்கப்படும் அந்தத் தரைக்காக.

கேட்பதற்கு இடமில்லை: உள்ளூர் மக்களின் குரல் வெளியே வராததற்கு நடைமுறைக் காரணமும் உண்டு. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் கீழ், சூரிய ஒளி மின் நிலையங்களுக்கு முன் அனுமதி தேவையில்லை. அனல் மின் நிலையத்துக்கோ சுரங்கத்துக்கோ நடப்பதுபோல மாவட்ட நிர்வாகத்தின் முன்னிலையில் பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் எனவே நடப்பதில்லை. நிலம் குத்தகைக்கு எடுக்கப்படும்போதும், அரசு நிலம் ஒதுக்கப்படும்போதும், 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தல் சட்டத்தில் உள்ள சமூகத் தாக்க ஆய்வு பொருந்துவதில்லை. நிறுவனத்துக்குத் தாமதம் மிச்சம். ஊர் மக்களுக்கோ தங்கள் கோரிக்கையைப் பதிவு செய்யும் ஒரே மேடையும் இல்லாமல் போகிறது.

நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி இருக்கிறதே என்பது வழக்கமான பதில். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்பனையோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். சூரிய மின் துறையில் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனி நிறுவனம் தொடங்குவதே வழக்கம். கடன் வட்டியும் தேய்மானமும் போகத் தொடக்க ஆண்டுகளில் ஏட்டில் தெரியும் லாபம் சொற்பம். அதில் 2 சதவீதம் எவ்வளவு இருக்கும்? கிடைப்பதும் பள்ளிக்குப் பெஞ்சு, குடிநீர்த் தொட்டி என்று நிறுவனம் விரும்பிச் செய்யும் உதவியே தவிர, ஊர் கேட்டுப் பெறும் உரிமை அல்ல.

ஆங்காங்கே முயற்சிகள்: சில மாநிலங்கள் இந்த இடைவெளியை உணர்ந்திருக்கின்றன. மகாராஷ்டிரம் 2023-இல் விரிவாக்கிய முதல்வரின் வேளாண் சூரிய மின்பாதைத் திட்டத்தில், தனியார் நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு ஒன்றேகால் லட்சம் ரூபாய் குத்தகை, ஆண்டுதோறும் 3 சதவீத உயர்வு என நிர்ணயித்தது. ஏக்கருக்கு 50 ஆயிரம் ரூபாய் என்ற இந்தத் தொகை பாவகடாவின் தொடக்கக் குத்தகையைவிட இரு மடங்குக்கும் மேல். அதைவிட முக்கியம், திட்டத்துக்கு இடம் தரும் கிராம ஊராட்சிக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வீதம் மூன்றாண்டுகளுக்கு ஊக்கத்தொகை. நிலம் இல்லாதவரும் ஊரின் உறுப்பினர் என்பதை ஏற்றுக்கொண்ட முதல் அடி இது. ஆனால், மின் நிலையம் 25 ஆண்டுகள் இருக்கும். ஊக்கத்தொகை மூன்றாண்டில் நின்றுவிடும்.

ராஜஸ்தான், தன் மாநிலத்துக்கு வெளியே மின்சாரம் விற்கும் நிலையங்களிடமிருந்து மெகாவாட் கணக்கில் ஆண்டுத் தொகை வாங்க 2019-ஆம் ஆண்டுக் கொள்கையில் வகை செய்தது. அந்தப் பணம் சேர்வது மாநில அளவிலான நிதியத்தில். வேலியை ஒட்டிய ஊரின் பெயரில் அல்ல.

குஜராத்தின் கேடா மாவட்டத்தைச் சேர்ந்த துண்டி கிராமம் வேறொரு வழியைக் காட்டியது. 2016-இல் ஆறு விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தங்கள் சூரிய மின் பம்புகளில் பாசனத்துக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை யூனிட் 4 ரூபாய் 63 காசுக்கு மின் விநியோக நிறுவனத்துக்கு விற்கத் தொடங்கினர். இங்கே அண்டை வீட்டாரே உரிமையாளர்கள். 2019-இல் தொடங்கப்பட்ட பிரதமரின் 'குசும்' திட்டமும் விவசாயிகள் தங்கள் நிலத்தில் 500 கிலோவாட் முதல் 2 மெகாவாட் வரை நிலையம் அமைக்க வழிவகுத்தது. ஆனால், ஒரு மெகாவாட்டுக்குக் கோடிக்கணக்கில் முதலீடு தேவை. வங்கிக் கடன் எளிதில் கிடைப்பதில்லை. 10 ஆயிரம் மெகாவாட் என்ற இலக்குடன் தொடங்கிய அந்தப் பிரிவு மெதுவாகவே நகர்ந்தது. கூட்டுறவு வழி நல்ல வழி. என்றாலும் பெரும் பூங்காக்களை ஒட்டிய ஊர்களுக்கு அது மட்டும் தீர்வாகாது.

மூன்று காசு: நீர்மின் துறையில் உள்ள ஒரு சதவீத விதியைச் சூரிய மின்சாரத்துக்கும் நீட்டினால் என்ன ஆகும்? மேலே கண்ட அதே கணக்கின்படி, பாவகடா பூங்காவின் ஆண்டு விற்பனை ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டும். அதில் ஒரு சதவீதம் ஏறத்தாழ 11 கோடி ரூபாய். ஐந்து கிராமங்களுக்கு ஆண்டுதோறும் இந்தத் தொகை என்பது, ஒரு கிராம ஊராட்சி நினைத்தும் பார்க்காத நிதி. மின்சாரமாகவே கொடுத்தால், மாதம் 100 யூனிட் வீதம் 30 ஆயிரம் வீடுகளுக்குப் போதும். கர்நாடகத்தில் 2023 முதல் வீடுகளுக்கு 200 யூனிட் வரை இலவச மின்சாரத் திட்டம் இருப்பதால், அங்கே பணமாகத் தருவதே பொருத்தம். இலவச மின்சாரம் இல்லாத மாநிலங்களில் யூனிட்டாகவும் தரலாம்.

இதனால் மின்சாரத்தின் விலை ஏறிவிடும் என்பதே முக்கிய எதிர்வாதம். ஏறும், அதை மறைக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே கடனில் தத்தளிக்கும் மின் விநியோக நிறுவனங்களுக்குக் காசு ஒவ்வொன்றும் கணக்குதான். ஆனால், 3 ரூபாயில் ஒரு சதவீதம் என்பது 3 காசு. ஜெர்மனியில் 2021 முதல், மின் நிலையம் அமைந்த ஊராட்சிக்கு யூனிட்டுக்கு 0.2 யூரோ சென்ட் வரை தரச் சட்டம் இடம் தருகிறது. நம் மதிப்பில் அது 20 காசு அளவுக்கு வரும். அதோடு ஒப்பிட்டால் 3 காசு பெரிய சுமை அல்ல. சூரிய மின்சாரத்தை மலிவாக்க அரசு தந்த சலுகைகளும் ஏராளம். 2025 ஜூன் மாதத்துக்குள் இயங்கத் தொடங்கிய நிலையங்களுக்கு மாநிலங்களுக்கிடையிலான மின்பாதைக் கட்டணம் முழுமையாகத் தள்ளுபடி செய்யப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் சூரிய மின் சாதனங்களுக்கான சரக்கு-சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. வாங்குபவருக்கும் விற்பவருக்கும் இவ்வளவு விட்டுக்கொடுக்க முடிந்த அரசுக்கு, பக்கத்து ஊருக்கு 3 காசு ஒதுக்குவது இயலாத காரியமல்ல.

யார் செய்ய வேண்டும்?: ஒரு மாநிலம் மட்டும் இதை விதித்தால், முதலீடு அடுத்த மாநிலத்துக்குப் போய்விடும் என்ற அச்சம் நியாயமானதே. ஆகவே, இது மத்திய அரசு செய்ய வேண்டிய வேலை. அதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 63-ஆவது பிரிவின் கீழ், சூரிய மின்சார ஏலத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளை மத்திய அரசே வெளியிடுகிறது. ஒரு சதவீத உள்ளூர்ப் பங்கை அதில் நிபந்தனையாகச் சேர்த்துவிட்டால், ஏலத்தில் கலந்துகொள்ளும் எல்லா நிறுவனங்களும் அதைக் கணக்கிட்டே விலை கூறும். எவருக்கும் தனிப்பட்ட பாதகம் இல்லை. 2014-இல் தொடங்கப்பட்ட சூரிய மின் பூங்காத் திட்டத்தில் மெகாவாட்டுக்கு 20 லட்சம் ரூபாய் வரை மத்திய நிதியுதவி தரப்பட்டது. இனி இத்தகைய உதவி தரும்போதெல்லாம் இதே நிபந்தனையை வைக்கலாம்.

ஏற்கெனவே இயங்கும் நிலையங்கள்தான் சிக்கல். விலை ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு புதிய சுமை ஏற்றினால், 'சட்ட மாற்றம்' என்ற பிரிவைக் காட்டி நிறுவனங்கள் அதை மின் விநியோக நிறுவனத்தின் தலையில் கட்டிவிடும். அங்கே, நீர்மின் கொள்கையில் உள்ளதுபோல, மாநில அரசு தன் வருவாயிலிருந்து ஒரு பங்கு தருவதே நடைமுறைக்கு ஏற்ற வழி. பூங்காவுக்குள் புல் வெட்டிக்கொள்ளவும், ஆபத்தில்லாத பகுதிகளில் ஆடுகளை மேய்க்கவும் அனுமதிப்பதற்குச் செலவே இல்லை, மனம்தான் வேண்டும்.

பணம் சேருமா?: நிதி ஒதுக்குவதோடு வேலை முடிந்துவிடாது. மாவட்டக் கனிம அறக்கட்டளைகளின் அனுபவம் எச்சரிக்கையாக நம் முன் நிற்கிறது. சுரங்கத்தின் தூசியைச் சுவாசிக்கும் ஊர்களுக்குப் போக வேண்டிய பணம், மாவட்டத் தலைநகரின் கட்டடங்களுக்கும் சாலைகளுக்கும் திருப்பிவிடப்பட்டதாகப் பல மாநிலங்களில் புகார் எழுந்தது. சூரிய மின் நிதியும் அதே வழியில் போகக் கூடாது எனில், அது மாவட்ட ஆட்சியரின் கணக்குக்குப் போகாமல், மின்தகடுகள் நிற்கும் ஊராட்சியின் தனிக் கணக்குக்கு நேராகப் போக வேண்டும். ஆண்டுக்கு எத்தனை யூனிட் உற்பத்தியானது, எவ்வளவு தொகை வந்தது என்பது கிராம சபையில் படிக்கப்பட வேண்டும். நிலமில்லாத கூலித் தொழிலாளர்களுக்கும் மேய்ச்சல் குடும்பங்களுக்கும் அதில் ஒரு பகுதி தனியே குறிக்கப்பட வேண்டும். இல்லையெனில், குத்தகை வாங்குபவர்களே ஊராட்சியிலும் செல்வாக்கு உள்ளவர்களாக இருக்கும் ஊர்களில், இரண்டாவது பங்கும் அவர்களுக்கே போய்ச் சேரும்.

பாவகடா போன்ற பெரும் பூங்காக்களின் குத்தகைக் காலம் முடிய இன்னும் நெடுநாள் உள்ளது. அதற்குள் அங்கே ஒரு தலைமுறை வளர்ந்துவிடும். வயல் வேலையும் தெரியாமல், மின் நிலையத்திலும் இடமில்லாமல் அந்தத் தலைமுறை நிற்கப்போகிறதா, அல்லது தன் ஊரில் விளையும் மின்சாரத்தின் வருமானத்தில் படித்துத் தொழில் கற்கப்போகிறதா என்பது, தில்லியில் அடுத்த ஏல நெறிமுறை எப்படி எழுதப்படுகிறது என்பதைப் பொறுத்தது. 3 லட்சம், 4 லட்சம் மெகாவாட் என்று நிலையங்கள் பெருகிய பிறகு இந்த விதியைக் கொண்டுவருவது கடினம். புதிய ஒப்பந்தங்கள் கையெழுத்தாகும் முன்பே மத்திய அரசு இதைச் செய்துவிடுவது நல்லது.